சர்க்கரை நோயும் கண் வறட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு விளக்கம் சொல்லும் வேலை எனக்கு. சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் பார்ப்பதற்காக, பாப்பா விரியும் சொட்டு மருந்தைப் போட்டு அரை மணி நேரம் உட்கார வைப்போம். கேள்விகள் எல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான் வரும். டாக்டரிடம் கேட்க மறந்தது, கேட்கத் தயங்கியது, பக்கத்து வீட்டில் யாரோ சொன்னது, எல்லாவற்றையும் என்னிடம் கேட்பார்கள். அவற்றில் கண் வறட்சி பற்றியவற்றை மட்டும் அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்தையும் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

கண் வறட்சின்னா என்ன? கண்ணுல தண்ணியே வத்திப் போயிடுமா?

முழுக்க வற்றிப்போவது அரிது. கண்ணின் மேல் எந்நேரமும் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று பரவியிருக்கிறது. அதில் இருப்பது வெறும் தண்ணீர் இல்லை. கண்ணீர்ச் சுரப்பி நீரைத் தருகிறது. இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் சின்னஞ்சிறு சுரப்பிகள் எண்ணெயைத் தருகின்றன. அது மேலே மிதந்து நீரை ஆவியாகாமல் காக்கிறது. வெள்ளை விழியை மூடியிருக்கும் சவ்வு ஒரு வழவழப்பான பொருளைச் சுரக்கிறது. நீரைக் கருவிழியோடு ஒட்ட வைப்பது அதுதான்.

ஒவ்வொரு முறை சிமிட்டும்போதும் இமை இந்தப் படலத்தைப் புதிதாகப் பூசிவிடுகிறது. நல்ல கண்ணில் அது 10 நொடிக்கு மேல் உடையாமல் நிற்கும். வறண்ட கண்ணில் மூன்று நான்கு நொடியிலேயே அங்கங்கே ஓட்டை விழுந்துவிடும். எரிச்சலும் உறுத்தலும் மணல் விழுந்த மாதிரி அரிப்பதும் அந்த இடங்களிலிருந்துதான் வருகின்றன.

எனக்குத் தண்ணியா ஊத்துது. இதைப் போய் வறட்சின்னு சொல்றீங்களே?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். முன் சொன்ன படலம் உடைந்ததும் கருவிழி உறுத்துகிறது. உடனே மூளை, கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணீரைக் கொட்டச் சொல்கிறது. வெங்காயம் நறுக்கும்போது வருமே, அதே நீர்தான். அதில் எண்ணெயும் வழவழப்பும் போதாது. கண்ணில் தங்காமல் கன்னத்தில் ஓடிவிடும், கொஞ்ச நேரத்தில் கண் மறுபடி காய்ந்துவிடும்.

நீர் வடிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. மூக்குக்குப் போகும் கண்ணீர்க் குழாய் அடைத்திருந்தாலும் வடியும். அதனால் நீங்களாகவே முடிவு செய்யாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை ரத்தத்துல இருக்கு. கண்ணு ஏன் காயணும்?

முதல் காரணம் நரம்பு. உடம்பிலேயே நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் கருவிழியும் ஒன்று. ஒரு தூசி பட்டால்கூடத் துடித்துப்போவது அதனால்தான். கருவிழி லேசாகக் காய்ந்ததும் இந்த நரம்புகள் மூளைக்குச் சேதி சொல்கின்றன. மூளை சுரப்பிக்கு 'நீர் விடு' என்கிறது, இமைக்கு 'சிமிட்டு' என்கிறது. நாள் முழுக்க நமக்குத் தெரியாமலே இது நடக்கிறது. பல வருடம் சர்க்கரை கூடுதலாக இருந்தால், பாதத்து நரம்புகள் மரத்துப்போவது போலவே கருவிழி நரம்புகளும் மெலிந்து குறைகின்றன. சேதி சரியாகப் போவதில்லை. நீர் சுரப்பது குறைகிறது, சிமிட்டுவதும் குறைகிறது.

அடுத்தது சுரப்பி. கண்ணீர்ச் சுரப்பிக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும், அதை இயக்கும் நரம்புகளும் சர்க்கரையால் பாதிக்கப்படுகின்றன. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபடுவதும் சர்க்கரை உள்ளவர்களிடம் அதிகம்.

மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, நானாகவே சொல்லிவிடுவேன். கருவிழியின் மேல்தோல் தனக்கு அடியில் இருக்கும் அடுக்கோடு சர்க்கரை நோயாளிகளுக்கு அவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருப்பதில்லை. சுலபமாக உரியும், மெதுவாகத்தான் ஆறும். மற்றவருக்கு இரண்டு நாளில் ஆறும் கீறல் உங்களுக்கு இழுத்துக்கொண்டே போகலாம். உங்கள் வறட்சியை டாக்டர் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு இதுவும் காரணம்.

எனக்கு எரிச்சலே இல்ல. ஆனா டாக்டர் 'வறட்சி அதிகம்'னு எழுதிட்டாரு. மருந்து விக்கிறதுக்கா?

இல்லை ஐயா. இந்தக் கேள்விக்காகத்தான் இந்தத் தொகுப்பையே எழுத நினைத்தேன். எரிச்சலைச் சொல்வது நரம்பு. நரம்பே மரத்துப்போனால் எரிச்சலை யார் சொல்வது? செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்து, வீட்டுக்கு வந்து ரத்தக் கறையைப் பார்த்துத்தான் முள் குத்தியதையே தெரிந்துகொள்ளும் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்திருப்பீர்கள். கண்ணிலும் அதேதான்.

ஒரு அம்மாவை இன்னும் மறக்க முடியவில்லை. 60 வயது தாண்டியவர், சர்க்கரை வந்து 20 வருடத்துக்கு மேல். 'கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல தம்பி, கண்ணாடி மட்டும் மாத்தணும்' என்றுதான் வந்தார். டாக்டர் பஞ்சின் நுனியை இழையாக முறுக்கி, பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து கருவிழியைத் தொட்டார். எனக்கோ உங்களுக்கோ அப்படித் தொட்டால் தலையே பின்னால் போய்விடும். அந்த அம்மா சிமிட்டவே இல்லை. 'தொட்டாச்சா?' என்று கேட்டார். பிறகு சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தபோது கருவிழியின் கீழ்ப்பாதி முழுக்கப் பச்சைப் புள்ளிகள். மேல்தோல் செத்து உதிர்ந்த இடங்களில்தான் சாயம் பிடிக்கும். இதை அப்படியே விட்டிருந்தால் ஆறாத புண்ணாக மாறியிருக்கும். பஞ்சு வைத்து நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். அது டாக்டரின் வேலை.

கண்ணுல பேப்பரைச் சொருகி உக்கார வச்சாங்களே, அது என்ன டெஸ்ட்?

அதற்கு ஷிர்மர் சோதனை என்று பெயர். ஜெர்மன் கண் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் 1903-ல் கொண்டுவந்தது, இன்றும் நடக்கிறது. 5 மில்லிமீட்டர் அகலமுள்ள வடிதாள் பட்டையின் நுனியை மடித்துக் கீழ் இமையின் வெளி ஓரத்தில் மாட்டுவார்கள். 5 நிமிடம் கழித்து எத்தனை மில்லிமீட்டர் நனைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். 10-க்கு மேல் என்றால் பொதுவாகப் பரவாயில்லை. 5-க்குக் கீழே என்றால் நீர் சுரப்பு நன்றாகவே குறைந்திருக்கிறது.

இது நீரை மட்டும்தான் அளக்கும். எண்ணெய் குறைபாட்டால் வரும் வறட்சியில் பட்டை நன்றாக நனைந்தும் கண் காய்ந்திருக்கும். அதனால்தான் சாயம் விட்டு, படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்றும் பார்க்கிறார்கள், இமை ஓரத்தை அழுத்தி எண்ணெய் வருகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

வருஷா வருஷம் கண் விரிய மருந்து போட்டுப் பாத்துட்டுத்தான் இருக்கேன். அதுல இது தெரியாதா?

தெரியாமல் போகலாம். அந்தப் பரிசோதனை கண்ணின் பின்பக்கத்துக்கு, அதாவது விழித்திரைக்கு. வறட்சி முன்பக்கத்துச் சங்கதி. விரிய வைக்கும் சொட்டைப் போடுவதற்கு முன்பே முன்பக்கத்தைப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும், ஏனென்றால் அந்தச் சொட்டே படலத்தைக் கலைத்துவிடும். 'எனக்குச் சர்க்கரை இருக்கு, வறட்சியும் பாத்திடுங்க' என்று உள்ளே நுழைந்ததும் சொல்லிவிடுங்கள்.

இது இருக்கிறது என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது. வயது வந்தபின் வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால், நோய் தெரிந்தவுடனே ஒரு தடவை விழித்திரையைப் பார்த்துவிட்டு, அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

ஒரு நேரம் நல்லாத் தெரியுது, ஒரு நேரம் மங்கலாத் தெரியுது. இது சுகரா, வறட்சியா, விழித்திரையா?

உறுதியாகச் சொல்லப் பரிசோதனை வேண்டும். ஆனால் ஒரு குறிப்பு உண்டு. நாலு தடவை நன்றாகச் சிமிட்டியதும் எழுத்து தெளிந்து, சில நொடியில் மறுபடி மங்குகிறதா? அது பெரும்பாலும் படலத்தின் கோளாறு. சர்க்கரை ஏறி இறங்குவதால் வரும் மங்கல் சிமிட்டினால் போகாது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் உப்பி வடிவதால் அது வருகிறது, நாள்கணக்கில், வாரக்கணக்கில் இருக்கும். சர்க்கரைக்கு மருந்து தொடங்கிய புதிதில் அவசரப்பட்டுக் கண்ணாடி மாற்றாதீர்கள். அளவு நிலைத்துச் சில வாரம் கழித்து எடுத்தால்தான் அந்தப் பவர் நிற்கும்.

விழித்திரைக் கோளாறும் சிமிட்டினால் தெளியாது. பார்வையில் திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மிதப்பது, மின்னல் அடிப்பது, திரை விழுந்த மாதிரி ஒரு பக்கம் மறைவது என்றால் அன்றைக்கே வர வேண்டும்.

மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கலாமா?

செயற்கைக் கண்ணீர் என்று சொல்லப்படும் ஈரப்பத மருந்துகளால் பெரிய ஆபத்து இல்லை. கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், சோடியம் ஹயலுரோனேட் என்று பெட்டியில் எழுதியிருக்கும். பயம் எங்கே என்றால், 'கண் சிவந்திருக்கு' என்று சொன்னதும் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டில். போட்டதும் சிவப்பு போய்விடும், சுகமாக இருக்கும். அதனாலேயே மாதக்கணக்கில் போடுகிறார்கள். அது கண்ணின் அழுத்தத்தை ஏற்றும், புரையை வரவழைக்கும், கிருமித் தொற்றை மூடி மறைக்கும். டாக்டர் அளவு வைத்துக் கொடுத்தால் அது நல்ல மருந்து. கடையில் கேட்டு வாங்கினால் வினை.

இன்னொன்று. பல சொட்டு மருந்துகளில் கெடாமல் இருக்க பென்சால்கோனியம் குளோரைடு சேர்ப்பார்கள். நாளைக்கு இரண்டு மூன்று தடவை என்றால் தாங்கும். நாலு தடவைக்கு மேல் போடுபவருக்கு, ஏற்கெனவே நொந்திருக்கும் கருவிழியை அதுவே இன்னும் அரிக்கும். அப்படிப்பட்டவர்கள் பதப்படுத்தி சேர்க்காத மருந்தைக் கேட்டு வாங்க வேண்டும். விலை கூடத்தான், ஆனால் உங்களுக்கு அது வீண் செலவில்லை.

எப்படிப் போட்டாலும் பாதி கன்னத்துல ஓடிடுது. ரெண்டு சொட்டாப் போடட்டுமா?

வேண்டாம். ஒரு சொட்டே கண் கொள்ளும் அளவைவிடக் கொஞ்சம் கூடுதல். கையைக் கழுவி, தலையைச் சாய்த்து, கீழ் இமையை இழுத்து அந்தக் குழியில் ஒரு சொட்டு விட்டுக் கண்ணை மெதுவாக மூடுங்கள். புட்டியின் நுனி இமை முடியில் படக் கூடாது. வேறு சொட்டும் இருந்தால் 5 நிமிடம் கழித்துப் போடுங்கள், களிம்பு கடைசியில். புட்டியைத் திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். சாதாரணப் புட்டி என்றால் ஒரு மாதத்தில் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

சொட்டு மருந்துல சுகர் ஏறுமா?

செயற்கைக் கண்ணீரில் ஏறாது. ஸ்டீராய்டைக் கண்ணைச் சுற்றி ஊசியாகப் போட்டால் சில நாள் ஏறலாம். அப்படிப் போட்டிருந்தால் சர்க்கரை டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொன்னாங்க. எவ்வளவு சூடு?

இமைச் சுரப்பியில் உறைந்திருக்கும் எண்ணெயை இளக்கத்தான் ஒத்தடம். குளிர்ந்த நெய் லேசான சூட்டில் உருகுகிறதே, அந்த அளவு போதும், சுமார் 40 டிகிரி. சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம். துணி ஆறினால் மறுபடி நனையுங்கள். அப்புறம் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் மெல்ல நீவி விட்டு, இமை ஓரத்தைச் சுத்தமாகத் துடையுங்கள்.

சூட்டைப் பார்க்க உங்கள் விரலை நம்பாதீர்கள். சர்க்கரையில் விரல் மரத்திருந்தால் கொதிக்கும் துணிகூட வெதுவெதுப்பாகத்தான் தெரியும். இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது. வீட்டில் வேறு யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு வையுங்கள். ஆவி பறக்கும் இட்லித் துணியை நேராக எடுத்து வைத்து இமை வெந்துபோய் வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

தேன், பன்னீர், நந்தியாவட்டைப் பூச்சாறு, இதெல்லாம் எங்க பாட்டி விட்டாங்களே?

பாட்டி அன்பாகத்தான் விட்டார். ஆனால் வீட்டில் பிழிந்த சாற்றிலும் கடையில் வாங்கிய தேனிலும் கிருமி இல்லை என்று யாரும் உறுதி தர முடியாது. கருவிழித் தோல் சுலபமாக உரியும் என்று மூன்றாவது கேள்வியில் சொன்னேன். உரிந்த இடத்தில் பூஞ்சைக் காளான் புகுந்தால், ஆற்றுவது பெரும்பாடு. நம் பக்கத்து வெயிலிலும் புழுக்கத்திலும் பூஞ்சைப் புண் நிறையவே வருகிறது. விளக்கெண்ணெய், தாய்ப்பால், உமிழ்நீர் எதுவும் வேண்டாம். பொன்னாங்கண்ணியைப் பொரியலாகச் சாப்பிடுங்கள், கண்ணில் விடாதீர்கள்.

தண்ணி நிறையக் குடிச்சா, மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டா சரியாகுமா?

தண்ணீர் தேவைக்குக் குடியுங்கள். ஆனால் குடத்தைக் கவிழ்ப்பதால் கண் நனைவதில்லை. சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் கண்ணுக்காக அதை மீறவே கூடாது.

மீன் எண்ணெய் பற்றி அமெரிக்காவில் 500-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆண்டு ஆய்வு செய்தார்கள். ஒரு சாராருக்குத் தினமும் 3 கிராம் ஒமேகா-3, இன்னொரு சாராருக்கு வெறும் ஆலிவ் எண்ணெய். 2018-ல் முடிவு வந்தது: இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். மத்தி மீன் குழம்பு சாப்பிடப் பிடித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரைக்குக் கடன் வாங்க வேண்டாம்.

கால் எரிச்சலுக்கு மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து கண்ணும் வாயும் காயுது. நெசமாவே சம்பந்தம் இருக்கா?

இருக்கலாம். சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் மருந்துகளில் அமிட்ரிப்டிலின் ஒன்று. அது கண்ணீரையும் உமிழ்நீரையும் குறைக்கும். சளி, அரிப்புக்குப் போடும் செட்டிரிசின் போன்றவற்றாலும், சிறுநீரைப் போக்கும் மாத்திரைகளாலும் கண் காயலாம். நீங்களாக நிறுத்திவிடாமல், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். மாற்றக்கூடியதா என்று இரண்டு டாக்டரும் பேசிக்கொள்ளட்டும்.

மருந்தே எடுக்காமல் வாயும் கண்ணும் சேர்ந்து காய்ந்து, மூட்டும் வலித்தால் அதையும் சொல்லுங்கள். சோக்ரன் நோய் என்று ஒன்று உண்டு, அதற்கு ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

ஃபேனுக்கு அடியிலதான் தூக்கம் வருது. அதுவும் காரணமா?

முகத்தில் நேராகக் காற்று அடித்தால் படலம் சீக்கிரம் ஆவியாகும். காற்று காலுக்குப் படும்படி படுங்கள். பலருக்குத் தூங்கும்போது இமை முழுக்க மூடுவதில்லை. காலையில் எழுந்ததும் எரிச்சல் அதிகம் என்றால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இரவுக்கு மட்டும் களிம்பு கொடுப்பார்கள். வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விடுங்கள். ஃபோன் பார்க்கும்போது சிமிட்டுவது பாதிக்கும் கீழே போய்விடும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து, தூரத்தில் பார்த்து, இமை இரண்டும் ஒட்டும்படி முழுசாகச் சிமிட்டுங்கள்.

மூணு மாசமாப் புது சொட்டு போடறேன், எரியத்தான் செய்யுது. கண்ணீர் ஓட்டையை அடைக்கணும்னும் சொல்றாங்க.

அந்தப் புது சொட்டு சைக்ளோஸ்போரின் என்றால், அது ஈரம் தரும் மருந்து இல்லை. கண்ணின் மேல்பரப்பில் இருக்கும் அழற்சியைக் குறைக்கும் மருந்து. ஆரம்பத்தில் எரியும், பலன் தெரிய 3 முதல் 6 மாதம்கூட ஆகும். பாதியில் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

அடைப்பது பற்றிப் பயம் வேண்டாம். இமைகளின் உள்மூலையில் ஊசி முனை அளவு துளை இருக்கிறது. கண்ணீர் அதன் வழியாகத்தான் மூக்குக்குப் போகிறது. சொட்டு மருந்து தொண்டையில் கசப்பதும் அதனால்தான். அந்தத் துளையில் சின்னத் தக்கை வைத்தால் இருக்கிற நீர் கண்ணிலேயே தங்கும். சிலிகான் தக்கையைப் பிறகு எடுத்துவிடவும் முடியும்.

புரை ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டு, வறட்சியைச் சரி பண்ணிட்டு வாங்கன்னு தள்ளிப் போட்டுட்டாங்களே?

நல்லதைத்தான் செய்திருக்கிறார்கள். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட, கருவிழியின் வளைவை அளக்கிறார்கள். படலம் உடைந்து உடைந்து நிற்கும் கண்ணில் அளவு ஒவ்வொரு தடவையும் மாறும். தப்பான அளவுக்கு வைத்த லென்ஸோடு அப்புறம் காலம் தள்ள வேண்டியிருக்கும். ஆபரேஷன் கீறலில் கருவிழி நரம்புகளும் கொஞ்சம் அறுபடுவதால், அதன்பின் சில மாதம் வறட்சி கூடத்தான் செய்யும். விழித்திரைக்கு லேசர் வைத்துக்கொண்டவர்களுக்கும் கருவிழி உணர்ச்சி குறையலாம். அதற்காக லேசரைத் தவிர்க்காதீர்கள், பார்வையைக் காப்பாற்றுவது அது.

சுகரைக் கட்டுக்குள்ள கொண்டு வந்துட்டேன். இனி வறட்சி போயிடுமா?

இன்னும் மோசமாகாமல் தடுக்கும். ஏற்கெனவே மெலிந்த நரம்பு திரும்ப வளர்வது மெதுவாக, சிலருக்கு ஓரளவுக்குத்தான். எரிச்சல் ஒரு மாதத்தில் போகவில்லை என்று மனம் தளர்ந்து சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை விட்டுவிடாதீர்கள். கண்ணுக்கான மருந்தும் சர்க்கரைக்கான மருந்தும் சேர்ந்தே போக வேண்டும்.

ரொம்ப நாளா உறுத்திட்டு இருந்தது, போன மாசம் தானா நின்னுடுச்சு. மருந்தை நிறுத்திடட்டுமா?

கண் வெள்ளையாகத் தெளிந்து, பார்வையும் முன்னைவிட நன்றாக இருந்தால் மருந்து வேலை செய்திருக்கலாம். ஆனால் கண் சிவந்தே இருக்கிறது, பார்வை மங்குகிறது, பீளை கட்டுகிறது, உறுத்தல் மட்டும் இல்லை என்றால் நாலாவது கேள்வியில் சொன்ன அந்த அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, வெளிச்சம் பார்த்தால் கண் கூசினாலோ அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே வாருங்கள்.

எது எப்படியானாலும் ஒரு தடவை சாயம் விட்டுப் பார்த்த பிறகு நிறுத்தலாம். அந்த அம்மா இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிறார். கண்ணில் பச்சைப் புள்ளி ஒன்றும் இல்லை. பஞ்சு தொட்டால் இன்னும் சிமிட்டுவதில்லை, அதனால் எரிகிறதா என்று பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு போடுகிறார்.